மஞ்சள் பையும் மருத்துவரின் நினைவும்



மணலியில் நம் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பத்தைச் சந்திக்கச் சென்றிருந்தேன். குடும்பத் தலைவர் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தக் கூலியாக உழைப்பவர். வயது நாற்பத்தைந்துக்கு மேல் இராது. ஆயினும் அன்று கட்டிலில் கிடந்த அவரைக் கண்டபோது அறுபதைக் கடந்த முதியவரோ என்று எண்ணத் தோன்றியது. ஏழு வாரங்களாக மாலைதோறும் காய்ச்சல், விடாத இருமல், சோற்றைக் கண்டாலே வெறுப்பு. அவருடைய துணைவியார் ஆணியில் தொங்கிய மஞ்சள் பையை எடுத்து வந்து என் முன்னே பாயில் கவிழ்த்தார். கொட்டியவை அனைத்தும் மருத்துவச் சீட்டுகளும் சோதனைக்கூடத் தாள்களுமே.

"சாமி, காதுல கெடந்த கம்மலும் அடகுக்குப் போயிடுச்சு. இத்தனை டெஸ்ட் எடுத்தும் என்ன நோயின்னு இன்னும் தெரியல" என்று கண்கலங்கினார்.

தாள்களைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தேன். மூன்று மருத்துவர்கள், நான்கு சோதனைக்கூடங்கள். டைபாய்டு காய்ச்சலுக்கான வைடால் சோதனை மூன்று முறை. இரத்த அணுக்களின் எண்ணிக்கை நான்கு முறை. கல்லீரல் சோதனை இரு முறை. தைராய்டு ஒரு முறை. வைட்டமின் அளவு ஒரு முறை. ஆனால் ஏழு வாரம் இருமிய அந்த மனிதரின் சளியை ஒருவரும் ஒருமுறையேனும் சோதித்ததாகத் தெரியவில்லை. மறுநாளே அவரை அரசு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்பினோம். சளியை எடுத்துச் சோதித்தார்கள். காசநோய் என்று தெரியவந்தது. அச்சோதனைக்கு அவர்களிடம் ஒரு காசும் வாங்கவில்லை. ஆறு மாத மருந்தையும் தவறாமல் உட்கொண்டு, இன்று அவர் மீண்டும் வேலைக்குச் செல்கிறார். இறைவனுக்கு நன்றி.

ஆனால் அந்த ஏழு வாரங்கள் என் மனத்தை விட்டு அகலவில்லை. மூன்று மருத்துவர்களில் எவரும் தீய எண்ணம் கொண்டவர் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. முதல் மருத்துவர் செய்வித்தது இரண்டாமவருக்குத் தெரியாது; இரண்டாமவர் செய்வித்தது மூன்றாமவருக்குத் தெரியாது. அம்மையாரோ ஒவ்வொரு முறையும் கடைசித் தாளை மட்டும் கையில் எடுத்துச் சென்றிருக்கிறார். ஆகவே ஒவ்வொருவரும் முதலிலிருந்தே தொடங்கினர். வேண்டாத சோதனைகள் திரும்பத் திரும்ப நிகழ்ந்தன. வேண்டிய ஒன்று நிகழவேயில்லை. இவ்விரு பிழைகளும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை. நோயாளியின் கதையை முழுமையாக நினைவில் வைத்திருக்க அங்கு ஒருவரும் இல்லை.

மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கினால் துன்புற்ற பெண் ஒருத்தியைக் காண்கிறோம். மருத்துவர் பலரிடம் சென்று, கையிலிருந்த பொருளையெல்லாம் செலவழித்தும், அவள் நிலை முன்னிலும் மோசமாயிற்று என்று மாற்கு ஒளிவுமறைவின்றி எழுதுகிறார். அதே நிகழ்ச்சியைக் கூறும் லூக்காவோ மருத்துவர்களைக் குறித்துச் சற்று மென்மையாகவே பேசுகிறார். அவரே ஒரு மருத்துவர் என்பது திருச்சபையின் மரபு அன்றோ! இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அப்பெண் நம் தெருக்களில் மஞ்சள் பையுடன் நடந்துகொண்டிருக்கிறாள். அவளுக்கு நாம் என்ன செய்யலாம் என்பதே இம்மாதம் நாம் சிந்திக்க வேண்டியது.

'சோதனை எடுத்தால் நல்லதுதானே, அதனால் என்ன கெடுதல்?' என்று கேட்பவர் பலர். கெடுதல் உண்டு. சோதனைத் தாளில் 'இயல்பான அளவு' என்று ஓர் எல்லை அச்சிடப்பட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். பெரும்பாலான சோதனைகளில், நலமுள்ள மக்களில் 100-க்கு 95 பேர் அடங்கும்படியாகவே அந்த எல்லை வகுக்கப்படுகிறது. மீதமுள்ள ஐவர் நோயின்றியே எல்லைக்கு வெளியே நிற்பர். அப்படியாயின், நல்ல உடல்நலமுள்ள ஒருவருக்கு ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 சோதனைகளைச் செய்தால், ஒன்றாவது பிழையாகத் தோன்றும் வாய்ப்பு ஏறத்தாழ 64 விழுக்காடு. கணக்கு அறிந்த பிள்ளைகள் இதை வீட்டிலேயே சரிபார்க்கலாம். அந்த ஒன்றைத் துரத்திக்கொண்டு மேலும் ஐந்து சோதனைகள்; அவற்றால் மேலும் அச்சம்; மேலும் கடன்.

சோதனை எதுவென்பது மட்டுமல்ல, எப்போது என்பதும் முக்கியம். நோயாளியின் நிலையையும் நோயின் தன்மையையும் காலத்தையும் எண்ணிப் பார்த்தே மருத்துவன் செயல்பட வேண்டும் என்று வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் அறிவுறுத்துகிறார். இக்கால மருத்துவமும் இதையே சொல்கிறது. டெங்குக் காய்ச்சலில் முதல் சில நாட்களுக்குக் கிருமியின் புரதத்தைக் காட்டும் என்எஸ்-1 சோதனை பயன்தரும். உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைக் காட்டும் சோதனை ஏறத்தாழ ஐந்தாம் நாளுக்குப் பிறகே பொருள் தரும். மூன்றாம் நாளில் இரண்டாவதைச் செய்து, 'டெங்கு இல்லை' என்று நிம்மதியடைவது ஆபத்தானது. நீரிழிவுக்காரருக்குச் செய்யும் எச்பிஏ1சி என்ற சோதனை, கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுவது. அதைப் பத்து நாட்களுக்குள் மற்றொரு சோதனைக்கூடத்தில் மறுபடியும் எடுப்பதால் புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை.

வைடால் சோதனையையே எடுத்துக்கொள்வோம். அது 1896-ல் பிரான்சு நாட்டு மருத்துவர் பெர்னான் வைடால் வகுத்தது. டைபாய்டு பரவலாக உள்ள நம் நாட்டில் முன்பே கிருமியைச் சந்தித்த உடல்கள் பல. தடுப்பூசி பெற்றவரும் உண்டு. ஆதலால் ஒரே ஒரு வைடால் தாளைக் கொண்டு இன்றைய காய்ச்சல் டைபாய்டுதான் என்று முடிவு கட்ட இயலாது. மருந்து தொடங்குமுன் இரத்தத்தை எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்ப்பதே அதனினும் நம்பத்தக்க வழி என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. எனினும் காய்ச்சல் என்றவுடன் வைடால் என்பது நம்மிடையே ஒரு வழக்கமாகிவிட்டது.

இத்தகைய வழக்கத்தை மாற்றுவது எளிதன்று. ஆயினும் மாற்ற முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. இரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடிக் காசநோயைக் கண்டுபிடிப்பதாகக் கூறும் ஒருவகைச் சோதனை ஒருகாலத்தில் இந்தியாவெங்கும் நடந்துவந்தது. ஆண்டுக்குப் பதினைந்து லட்சம் முறை அது செய்யப்பட்டதாக அப்போது மதிப்பிட்டனர். நோய் உள்ளவரை இல்லை என்றும், இல்லாதவரை உண்டு என்றும் அது காட்டியதால், 2011 ஜூலையில் உலக நலவாழ்வு நிறுவனம் அதனைப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவித்தது. 2012 ஜூனில் இந்திய அரசு அதன் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, பயன்பாடு அனைத்தையும் தடைசெய்தது.

ஆனால் எல்லாச் சோதனைகளையும் சட்டத்தால் ஒழுங்குபடுத்த முடியாது. ஒருவருக்கு வேண்டாத சோதனை மற்றொருவருக்கு உயிர்காப்பதாக இருக்கலாம். ஆகவே மருத்துவர் சோதனைச் சீட்டை எழுதும் அந்த நொடியிலேயே அவருக்குத் துணைநிற்க ஒன்று வேண்டும். அத்தகைய துணையாக வந்திருப்பதுதான் மின்னணு மருத்துவப் பதிவேடு. அதாவது, நோயாளியின் வரலாற்றைக் கணிப்பொறியில் சேர்த்துவைத்து, வேண்டும்போது எடுத்துக் காட்டும் ஏற்பாடு.

இம்முயற்சி நேற்று இன்று தோன்றியதன்று. அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் நகரத்தில் கிளெமெண்ட் மெக்டொனால்டு என்ற மருத்துவர், ஒவ்வொரு நோயாளிக்கும் கவனிக்க வேண்டியதை மருத்துவருக்கு நினைவூட்டும்படி கணிப்பொறியைப் பழக்கினார். அதன் முடிவை 1976-ல் வெளியிட்டார். நினைவூட்டல் இல்லாதபோது, கவனிக்க வேண்டிய நிலைமைகளில் 22 விழுக்காட்டையே மருத்துவர்கள் கவனித்துச் செயல்பட்டனர். நினைவூட்டல் பெற்றபோது அது 51 விழுக்காடாக உயர்ந்தது. மருத்துவரும் அவரே, அவருடைய கல்வியும் அதுவே. மனிதனின் இயல்பான குறைபாட்டையே தம் கட்டுரைத் தலைப்பில் மெக்டொனால்டு சுட்டிக் காட்டினார். மனித இயல்பு நிறைவற்றது என்பது மறைக்கல்வி வகுப்பில் நாம் கற்ற பாடமன்றோ! மறதி எப்போதும் அலட்சியத்தால் வருவதன்று. ஒரு நாளில் நூறு நோயாளரைக் காணும் ஒருவர் எத்தனையை நினைவில் வைப்பார்?

அதே நகரத்து மருத்துவர்கள் மேலும் இரு சோதனைகளை நடத்தினர். மருத்துவர் ஒரு சோதனையைக் கேட்கும்போது, அந்நோயாளிக்கு முன்பு கிடைத்த முடிவுகளைத் திரையில் காட்டினர். 1987-ல் வெளியான அந்த ஆய்வில் சோதனைச் செலவு ஏறத்தாழ 13 விழுக்காடு குறைந்தது. அடுத்ததாக, ஒவ்வொரு சோதனையின் கட்டணத்தையும் அது எழுதப்படும்போதே மருத்துவருக்குக் காட்டினர். 1990-ல் வெளியான முடிவின்படி சோதனைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 14 விழுக்காடும், செலவு ஏறத்தாழ 13 விழுக்காடும் குறைந்தன. எவரும் எதையும் தடுக்கவில்லை. அறிய வேண்டியதை அறிய வேண்டிய வேளையில் காட்டினர், அவ்வளவே. நம் மணலி அன்பரின் கதையை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் வைடால் முடிவு இரண்டாம் மருத்துவரின் கண்முன் தோன்றியிருந்தால்? 'இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டிவிட்டது, சளிப் பரிசோதனை செய்யப்படவில்லை' என்று ஒரு வரி ஒளிர்ந்திருந்தால்? அம்மையாரின் கம்மல் காதிலேயே இருந்திருக்கும்.

எனினும் இயந்திரத்தைக் கண்டு மயங்கிவிடலாகாது. அமெரிக்காவில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூன்று மருத்துவமனைகளில் இதேபோல் கட்டணத்தைத் திரையில் காட்டிப் பார்த்தபோது, மொத்தத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் ஏற்படவில்லை என்று 2017-ல் வெளியான ஆய்வு கூறுகிறது. ஒரே கருவி ஓரிடத்தில் பயன்தந்து மற்றோரிடத்தில் பயன்தராமல் போகிறது. அன்றியும், ஒவ்வொரு சீட்டுக்கும் எச்சரிக்கை மேல் எச்சரிக்கையாகத் திரையில் தோன்றினால் மருத்துவர் படிக்காமலே தள்ளிவிடத் தொடங்குவார். கோயில் மணியை நாள் முழுவதும் அடித்துக்கொண்டிருந்தால் பூசைக்கு வருவோர் எவர்? வேளையறிந்து அடித்தால்தான் மணிக்கு மதிப்பு.

இயந்திரம் ஒருநாள் நின்றுபோகவும் கூடும். 2022 நவம்பரில் புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணிப்பொறிகள் இணையவழித் தாக்குதலுக்கு உள்ளாயின. நாட்கணக்கில் அங்குப் பணிகள் மீண்டும் காகிதத்திலும் பேனாவிலும் நடந்தன. அதேவேளை காகிதமும் சாகாவரம் பெற்றதன்று என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வெள்ளம் நம் வீடுகளுக்குள் புகுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். குடும்ப அட்டையோடும் பிள்ளைகளின் சான்றிதழ்களோடும் மருத்துவத் தாள்களும் கூழாகிப்போன வீடுகள் உண்டு. எனவே இரண்டும் தேவை.

நம் தமிழ்நாட்டில் நடைபெறும் ஒரு முயற்சி இங்கே குறிப்பிடத்தக்கது. 2022 ஏப்ரலில் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' தொடங்கப்பட்டது. சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் அதற்கு அறிவுத்துணையாக நிற்கிறது. காசநோய் என்று தெரிந்த பெரியவர்களுக்கு உடனே சில எளிய அளவீடுகளைச் செய்கிறார்கள். உயரத்திற்கேற்ற எடை உள்ளதா? மூச்சு நிமிடத்திற்கு எத்தனை? இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு? காலில் வீக்கம் உண்டா? பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா? இவற்றில் ஆபத்தின் அறிகுறி தென்பட்டால் அவரை மருத்துவமனையில் சேர்க்க ஏற்பாடு செய்கிறார்கள். இவ்விவரங்கள் இணையப் பதிவிலும் ஏற்றப்படுவதால், எவர் விடுபட்டார் என்பது மேலதிகாரிகளுக்குத் தெரிந்துவிடுகிறது. இவற்றுக்கு வேண்டியது எடை பார்க்கும் கருவி, அளவுகோல், விரலில் மாட்டும் சிறு கருவி ஆகியவையே. விலையுயர்ந்த ஸ்கேன் எதுவும் தேவையில்லை. தக்க சோதனை என்பது பெரிய சோதனை அன்று. கேள்விக்கு விடை தரும் சோதனை என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

நாடு முழுவதற்குமாக, 2021 செப்டம்பர் 27 அன்று ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் தொடங்கப்பட்டது. விரும்புவோர் 'ஆபா' என்னும் 14 இலக்க எண்ணைப் பெற்று, தம் மருத்துவப் பதிவுகளை அதனோடு இணைக்கலாம். நாம் இசைவு தந்தால்தான் ஒரு மருத்துவர் அவற்றைக் காண இயலும் என்பது அதன் விதி. இது கட்டாயமன்று. ஆயினும் எண்ணைப் பெற்றவுடன் எல்லாம் தானே சேர்ந்துவிடும் என்று எண்ணவேண்டாம். நாம் செல்லும் மருத்துவமனையும் சோதனைக்கூடமும் அத்திட்டத்தில் இணைந்திருந்தால்தான் பதிவுகள் ஒன்றுசேரும். கைப்பேசியில் வரும் இரகசிய எண்ணை முன்பின் அறியாதவரிடம் சொல்லிவிடலாகாது என்பதையும் முதியோருக்கு நினைவூட்டுங்கள். நோயைப் பற்றிய செய்தி மனிதனின் மானத்தோடு ஒட்டியது. அதைக் காப்பதும் அன்பின் கடமையே.

அப்படியானால் இல்லத்தில் நாம் செய்யக்கூடியது என்ன?

முதலாவது, குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு தனிக் கோப்பு வைத்து, தாள்களைத் தேதிவாரியாக அடுக்குங்கள். முதல் பக்கத்தில் நீடித்த நோய்கள், உட்கொள்ளும் மருந்துகள், ஒவ்வாத மருந்துகள் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு தாளையும் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். வெள்ளம் வந்தாலும் அது மிஞ்சும்.

இரண்டாவது, மருத்துவரிடம் செல்லும்போது கடைசித் தாளை மட்டும் எடுத்துச் செல்லாமல், கோப்பு முழுவதையும் கொண்டுசெல்லுங்கள். 'வேறு மருத்துவரிடம் போனோம் என்று தெரிந்தால் கோபிப்பாரோ' என்று மறைக்கவேண்டாம். மறைப்பதன் விலையை நீங்களே கொடுக்கிறீர்கள்.

மூன்றாவது, சோதனை எழுதப்பட்டால் பணிவோடு கேளுங்கள்: 'ஐயா, இதனால் நமக்கு என்ன தெரியவரும்? முன்பு எடுத்த இந்த முடிவு போதாதா? முடிவு எப்படி வந்தால் சிகிச்சை மாறும்?' நல்ல மருத்துவர் இக்கேள்விகளால் மனம் நோகமாட்டார். மேலும் ஒன்றைச் சொல்லித்தான் ஆகவேண்டும். 'ஸ்கேன் எழுதித் தாருங்கள், சத்தான டெஸ்ட் எல்லாம் எழுதுங்கள்' என்று மருத்துவரை வற்புறுத்துவோர் நம்மிடையே பலர். எதுவும் எழுதாமல், பொறுமையாகக் கேட்டு, தொட்டுப் பார்த்து அனுப்பும் மருத்துவரை 'ஒன்றும் செய்யவில்லை' என்று குறைகூறுகிறோம். குற்றம் முழுவதையும் வெள்ளைச் சட்டை மீதே சுமத்துவது நீதியாகாது.

நான்காவது, இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால் தாமதிக்காமல் அரசு சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனைக்குச் செல்லுங்கள். சோதனையும் மருந்தும் இலவசம். நம் நாட்டிலேயே உருவான 'ட்ரூநாட்' என்னும் கருவி சளியிலுள்ள கிருமியையும், அது முக்கிய மருந்தான ரிபாம்பிசினை எதிர்க்கிறதா என்பதையும் விரைவில் காட்டக்கூடியது. சிகிச்சை பெறும் காலத்தில் சத்துணவுக்கென மாதம் 500 ரூபாய் வழங்கும் திட்டம் 2018-ல் தொடங்கியது. 2024 நவம்பர் முதல் அத்தொகை 1,000 ரூபாயாக உயர்ந்தது. வெட்கப்பட்டு இதை இழக்கவேண்டாம்.

இறுதியாக, நம் பங்கு இளைஞருக்கு ஒரு வேண்டுகோள். கைப்பேசியில் நீங்கள் காட்டும் திறமையை நான் அறிவேன். ஞாயிறு திருப்பலிக்குப் பின் ஒரு மணி நேரம் ஆலய வளாகத்தில் அமருங்கள். முதியோரும், படிக்கத் தெரியாதோரும் தம் மஞ்சள் பைகளைக் கொண்டு வரட்டும். அவற்றை அடுக்கிக் கொடுங்கள். முதல் பக்கத்தை எழுதிக் கொடுங்கள். விரும்புவோருக்கு மட்டும் ஆபா எண்ணைப் பெற உதவுங்கள். சோதனை முடிவுக்குப் பொருள் சொல்ல முயலவேண்டாம். அது மருத்துவரின் பணி. நீங்கள் பார்த்ததை வெளியே பேசவும் வேண்டாம்.

நான் மேலே குறிப்பிட்ட அன்பரின் இல்லத்திற்குச் சென்ற மாதம் மீண்டும் சென்றேன். ஆணியில் மஞ்சள் பை அங்கேயே தொங்கியது. ஆனால் அதனுள் நீலநிற அட்டையில் தேதிவாரியாகத் தாள்கள் இருந்தன. எட்டாம் வகுப்பில் படிக்கும் மகள் அடுக்கியதாம். முதல் பக்கத்தில், தந்தையின் பெயருக்குக் கீழே, காசநோய்ச் சிகிச்சை தொடங்கிய நாளையும் முடிந்த நாளையும் அழகிய கையெழுத்தில் எழுதியிருந்தாள். அடகிலிருந்த கம்மல் இன்னும் திரும்பவில்லை. வட்டி கட்டி வருகிறார்களாம்.